ஐந்து விரலும் அகல விரித்து

(முதுகலை வரலாற்று மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வரலாற்று ஆய்வுமுறைகளைக் கற்பதும் அவற்றைத் திறனாய்வு செய்வதும். முதுகலை வரலாறு படிக்கும் ஒவ்வொருவருக்கும் ‘வரலாற்று வரைவியல்’ என்று ஒரு தாள் உண்டு. அந்தத் தாளை நாம் எப்படிப் படிக்கிறோம்? வரலாற்றாசிரியர் ராங்கே என்ன சொன்னார்? ஐந்து மதிப்பெண். ஈ.எச். கார் என்ன சொன்னார்? ஐந்து மதிப்பெண். புறத்திறனாய்வு, அகத்திறனாய்வு, வேறுபடுத்துக. பத்து மதிப்பெண். எழுதினோம், தேறினோம், மறந்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? உதவாது. இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர் கவிஞர் ஆவதில்லை. ஆய்வுமுறையை மனப்பாடம் செய்தவர் வரலாற்றாளர் ஆவதும் இல்லை.

அந்தத் தாள் முழுவதையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்று நான் நம்புகிறேன். அந்தக் கேள்வி இதுதான்: ‘எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?’

அவ்வளவுதான். எதைக் கொண்டு சொல்கிறீர்கள்? மாமன்னர்களைப் பற்றிப் பேசுபவரிடமும் இதைக் கேட்க வேண்டும். பேராசிரியரின் புத்தகத்திடமும் கேட்க வேண்டும். கடைசியாக, கண்ணாடி முன் நின்று நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாருங்கள், ஒரு கோயில் சுவருக்கு முன்னால் போய் நிற்போம்.

உத்திரமேரூருக்கு உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? காஞ்சிபுரத்துக்குப் பக்கம்தான். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. குடவோலை முறையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டுகள். பள்ளிக்கூடத்தில் நாம் என்ன படித்தோம்? ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் மக்களாட்சி’ என்று படித்தோம். படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. எதைக் கொண்டு சொல்கிறோம் என்று மட்டும் கேட்போம்.

சுவர் என்ன சொல்கிறது? ஊர் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதமும் அதன் உரையும் ஓதி உணர்ந்தவருக்கு அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். இப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

இப்போது சுவரிடம் கேளுங்கள். இது எந்த ஊர்? உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட பிரமதேயம். பக்கத்து வேளாண் ஊர்களிலும் இதே முறை இருந்ததா? இந்தக் கல் அதைச் சொல்லவில்லை. நிலம் இல்லாதவரின் பெயர் ஓலையில் ஏறியதா? ஏறவில்லை. ஏற்றம் இறைத்தவரின் பெயர்? இல்லை. பெண்ணின் பெயர்? இல்லவே இல்லை. அப்படியென்றால் பள்ளிப் பாடம் பொய்யா? அப்படியும் அவசரப்படாதீர்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது என்று இந்தக் கல் சொல்கிறது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்று ஒவ்வோர் உறவாகப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் அந்த நேர்மை பெருமைப்படத் தக்கதுதான். சிலருக்கு மட்டுமே திறந்த கதவு என்பதும் உண்மை. அந்தக் கதவுக்குள்ளே கணக்கு கறாராக இருந்தது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் தாங்கி நிற்கக் கற்பதுதான் முதுகலைப் படிப்பு.

இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்தி எழுத வேண்டிய தேவை என்ன வந்தது? முதல் விதியின் ஓட்டை வழியே யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா? கல்லின் தொனியில் ஒரு கவலை கேட்கிறது. ஆனால் நடந்தது இன்னது என்று அது விவரிக்கவில்லை. அதனால் நாம் ‘இருக்கலாம்’ என்று எழுத வேண்டும். ‘இருந்தது’ என்று எழுதக் கூடாது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கும் ‘இருந்தது’ என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஆய்வாளரின் நாணயம்.

மற்றொன்றும் கவனியுங்கள். இந்தத் தீர்மானம் நிறைவேறியபோது அரசாணைப்படி வந்த அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்கிறது கல்வெட்டு. ‘தன்னாட்சி ஊர்’ என்று எழுதுபவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார். ‘அரசனின் கை எங்கும் நீண்டது’ என்று எழுதுபவர் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார். வரி ஒன்றுதான். வாசிப்பு இரண்டு.

நண்பர்களே, வாசிப்பு என்றேன். அந்த வாசிப்பே எவ்வளவு பாடு என்று சொல்லட்டுமா? நான் முதுகலை படித்த நாளில் எங்கள் ஆசிரியர் எங்களைக் காவிரிக் கரையில் ஒரு சிறு சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனார். சுவர் முழுதும் சுண்ணாம்பு. தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து எழுத்து மேலே வந்தது. நனைத்த தாளைச் சுவரில் ஒட்டினோம். மயிர்த் தூரிகையால் தாளை அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கினோம். பிறகு மைப்பந்தால் மெல்ல ஒற்றி எடுத்தோம். கருப்புத் தாளில் வெள்ளையாய் எழுத்து எழுந்தது. அதற்கு மைப்படி என்று பெயர். எழுத்து வந்துவிட்டது, இனிப் படித்துவிடலாம் என்று குதித்தோம். ஒரு வரி படிக்க மாலைவரை ஆயிற்று.

ஏன்? கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ‘கொடு’ என்றாலும் ‘கோடு’ என்றாலும் கல்லில் ஒரே வடிவம்தான். துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எங்கே பிரிப்பது என்று முடிவு செய்கிறவர் நீங்கள். அதாவது, பொருள் சொல்வதற்கு முன்பே, எழுத்தைப் படிக்கும் இடத்திலேயே, ஆய்வாளரின் முடிவு உள்ளே நுழைந்துவிடுகிறது. ‘சான்று தானாகவே பேசும்’ என்று யாராவது சொன்னால், அவரை ஒருநாள் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். சான்று தானாகப் பேசாது. நாம் பேச வைக்கிறோம். பேச வைத்த முறையை நாம்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

காலக் கணக்கும் அப்படித்தான். ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் அது எந்த அரசன்? சோழர்கள் ராசகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூடினார்கள். பட்டத்தை மட்டும் கொண்டு ஆளைச் சொல்ல முடியாது. ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி சேர்ந்தால்தான் அது பராந்தகன் என்று துணியலாம். 907இல் அவன் பட்டத்துக்கு வந்தான் என்ற கணக்கும் வானத்திலிருந்து விழவில்லை. கல்வெட்டில் வரும் நாளையும் நட்சத்திரத்தையும் வானியல் கணக்கோடு பொருத்தி, கீல்ஹார்ன் போன்ற அறிஞர்கள் உழைத்துத் தந்த கணக்கு அது. தேர்வில் நாம் ஒரு நொடியில் எழுதும் ஓர் ஆண்டுக்குப் பின்னால் எத்தனை பேரின் கண்பார்வை கரைந்திருக்கிறது!

சரி, எழுத்தைப் படித்துவிட்டோம். அது உண்மை ஆவணம்தானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 1440இல் இத்தாலியில் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் ஒரு பெரிய ஆவணத்தைக் கையில் எடுத்தார். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் அது. வல்லா வாளை எடுக்கவில்லை, சொற்களை எடுத்தார். அந்தக் காலத்து ரோமானிய ஆட்சியில் வழங்காத சொற்கள் இதில் எப்படி வந்தன என்று கேட்டார். அதிகாரத்தின் ஓர் அடிக்கல்லே ஆட்டம் கண்டது.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1983இல், ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. ஹியூ ட்ரெவர்-ரோப்பர் உலகம் மதித்த வரலாற்றாசிரியர். அவரே முதலில் அவை உண்மையானவை என்றார். இரண்டே வாரத்தில் தாளையும் பிறவற்றையும் சோதித்தவர்கள் அத்தனையும் போலி என்று நிறுவினார்கள். இந்த இரண்டு கதைகளிலும் நமக்கு என்ன பாடம்? சொல்லுக்குச் சொல் நின்று கேட்ட வல்லா வென்றார். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்பே நம்பிய பேரறிஞர் தோற்றார். பெயரும் புகழும் சான்றுக்கு ஈடாகாது. எந்தப் பெரியவர் சொன்னாலும் கேளுங்கள்: எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?

இனி என் உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஆய்வுமுறையை விமரிசிப்பது என்றால் என்ன? பலர் அதைக் குற்றம் கண்டுபிடிப்பது என்று நினைக்கிறார்கள். நல்ல விமரிசனம் வேறு. ஓர் ஆசிரியர் சான்றிலிருந்து முடிவுக்கு நடந்த வழியில் நாமும் கூடவே நடந்து பார்ப்பது அது. எங்கே கால் ஊன்றினார், எங்கே தாவினார் என்று அடிச்சுவடு பார்ப்பது அது. இதற்கு நம் மண்ணிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. சோழர் அரசு எப்படிப்பட்டது என்ற கேள்வி.

1935லும் 1937லும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தது. சிதறிக் கிடந்த கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் கோத்து அவர் ஒரு பேரரசைக் கண்முன் நிறுத்தினார். மேலே வலிமைமிக்க மன்னன், ஒழுங்கான அதிகாரிகள், கீழே துடிப்பான ஊர்ச் சபைகள். அவர் எழுதிய காலம் எது? உங்களுக்கு ஆளத் தெரியாது என்று ஓர் அயல் அரசு நமக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தச் சூழலில், ‘எங்களுக்குப் பேரரசும் தெரியும், ஊராட்சியும் தெரியும்’ என்று காட்டும் சான்றுகள் ஓர் அறிஞரின் கண்ணில் கூடுதல் ஒளியோடு தெரிவது இயல்பல்லவா? அதைப் புரிந்துகொள்வது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. அவர் போட்ட சாலையில்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம்.

1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் வேறொரு சித்திரத்தைத் தந்தார். சோழ மன்னனின் நேரடி அதிகாரம் மையத்தில்தான் இருந்தது, வெளியே போகப் போக அது சடங்கு நிலை மேலாண்மையாகத் தேய்ந்தது, உண்மையான அதிகாரம் நாடு என்னும் வேளாண் வட்டாரங்களில் இருந்தது என்றார். அதற்குக் கூறாக்க அரசு என்று பெயரிட்டார். அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? எய்டன் சவுத்தால் என்ற மானிடவியலாளர் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிச் செய்த ஆய்விலிருந்து வந்தது. உடனே ஒரு கேள்வி எழுகிறது. ஆப்பிரிக்கச் சமூகத்துக்குத் தைத்த சட்டை காவிரிக் கரைக்குப் பொருந்துமா? ஆர். சம்பகலட்சுமி, டி.என். ஜா போன்றோர் கடுமையாக மறுத்தார்கள். ஆனாலும் ஸ்டெய்ன் ஒரு நன்மை செய்தார். ‘பேரரசு’ என்று சொல்லிவிட்டு நாம் கேட்காமல் விட்டிருந்த கேள்விகளைக் கேட்க வைத்தார். தவறான விடையும் சில நேரம் சரியான கேள்வியைப் பெற்றுத்தரும்.

மூன்றாவது வழி ஜப்பானிலிருந்து வந்த நொபோரு கராஷிமாவின் வழி. அதில் நம் எ. சுப்பராயலுவின் பங்கு பெரிது. அதுவரை ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் கருத்துக்கு ஏற்ற கல்வெட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக்காட்டினார்கள். கராஷிமா கேட்டார்: ஏன் எடுத்துக்காட்ட வேண்டும், எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால் என்ன? திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். ஒன்று வேளாண் ஊர், மற்றொன்று பிரமதேயம். இரண்டின் கல்வெட்டுகளையும் வரிசையாக வைத்து நிலவுடைமையைப் பார்த்தார். வேளாண் ஊரில் கூட்டுடைமை தெரிந்தது. பிரமதேயத்தில் தனியுடைமை தெரிந்தது. இந்தியச் சிற்றூர் எல்லாம் ஒரே அச்சு என்ற பழைய எண்ணத்தில் விரிசல் விழுந்தது.

1973இல் சுப்பராயலு சோழ நாட்டின் அரசியல் நிலவியலை எழுதினார். கல்வெட்டில் வரும் ஊர்களை ஒவ்வொன்றாக நிலப்படத்தில் குறித்து, நாடுகளின் எல்லைகளை வரைந்து காட்டினார். 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஒரு பெரிய அகரவரிசை வந்தது. கராஷிமா, சுப்பராயலு, தொரு மாட்சுயி மூவரும் சேர்ந்த உழைப்பு அது. மூவேந்தவேளான், பிரமராயன் என்ற பட்டங்கள் எந்தக் காலத்தில் எவ்வளவு வருகின்றன என்று எண்ணினார்கள். முதலாம் ராசராசன் தொடங்கி அதிகாரப் பட்டங்களும் வருவாய்த் துறைச் சொற்களும் பெருகுவது தெரிந்தது. மையத்தின் கை நீண்ட காலம் ஒன்று இருந்தது என்று சொல்ல இப்போது ஓர் அடிப்படை கிடைத்தது. வியப்பு என்ன தெரியுமா? ஸ்டெய்ன் தம் கருத்துக்குத் துணையாகச் சுப்பராயலுவின் நாட்டு வரைபட ஆய்வையும் பயன்படுத்தியவர். அதே நாடுகளை வரைந்த சுப்பராயலு வேறு முடிவுக்கு வந்தார். வரைபடம் ஒன்று, வழி இரண்டு. இதைவிட நல்ல ஆய்வுமுறைப் பாடம் எந்தக் கையேட்டில் கிடைக்கும்?

அப்படியானால் எண்ணுவதுதான் முடிவான முறையா? அதையும் கேளுங்கள்! எதை எண்ணினோம்? கல்லில் பொறித்து, கல் உடையாமல் பிழைத்து, படியெடுக்கப்பட்டதை எண்ணினோம். ஓலையில் இருந்ததெல்லாம் செல்லுக்கு இரையாகிவிட்டது. திருப்பணியில் கல் இடம்மாறியது. சுவரைத் துப்புரவாக்கிய மணல் வீச்சில் எழுத்து மழுங்கியது. கோயிலுக்குக் கொடுக்க ஏதாவது வைத்திருந்தவர்தான் கல்லில் பேசுகிறார். ஒன்றும் இல்லாதவர்? தஞ்சைப் பெரிய கோயிலின் ராசராசன் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. வரி நீங்கிய நிலம் என்று குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் சொல்லப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. அவ்வளவுதான். அந்த வயல்களில் நின்று உழைத்த மனிதர்கள், வரியில் கழிக்க வேண்டிய ஒரு நிலத்துண்டாகத்தான் அங்கே இடம் பெறுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக் கல்லில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கழித்தல் கணக்கு! அந்த இரண்டு சொற்களின் முன்னால் நிற்கத் தெரியாத ஆய்வாளர், அகரவரிசை முழுவதையும் புரட்டி என்ன பயன்?

மாணவச் செல்வங்களே, இத்தனையையும் வீட்டுக்கு எடுத்துப் போக ஓர் எளிய வழி சொல்கிறேன். உங்கள் கையை நீட்டுங்கள். ஒரு நூலை, ஒரு கட்டுரையை எடுத்தால் விரல்விட்டு ஐந்து கேள்வி கேளுங்கள்.

கட்டைவிரல்: ஆசிரியர் எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? அதை ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியுமா? கட்டைவிரல் இல்லாமல் எதையும் பிடிக்க முடியாது. கேள்வி விளங்காமல் எந்த நூலையும் பிடிக்க முடியாது.

சுட்டுவிரல்: எந்தச் சான்றைச் சுட்டுகிறார்? அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியைத் திறந்து அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். அவர் சொன்னது அங்கே இருக்கிறதா?

நடுவிரல்: எந்த அளவுகோலால் அளக்கிறார்? சொல் யாருடையது? தஞ்சையில் ராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட பங்கும் தந்தான். பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன. பின்னாளில் வந்த ‘தேவதாசி’ என்ற சொல்லின் சுமையையெல்லாம் தூக்கி அந்தப் பெண்களின் தலையில் வைக்கலாமா? லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் சோழர் காலக் கோயில் பெண்களைக் கல்வெட்டு கல்வெட்டாகப் பார்த்து, 2000இல் வெளியிட்ட நூலில், கொடை கொடுத்தவர்களாகவும் கோயிலில் மதிப்பும் உரிமையும் பெற்றவர்களாகவும் அவர்களைக் காட்டினார். பிற்காலத்துக் கண்ணாடியைக் கழற்றியதால் கிடைத்த காட்சி அது.

மோதிர விரல்: ஆசிரியர் எதற்குக் கட்டுப்பட்டவர்? எந்தக் காலத்தில், எந்த நாட்டில், எந்த நம்பிக்கையோடு எழுதினார்? பற்று இருப்பது குற்றமாகாது. பற்றை மறைப்பதுதான் குற்றம்.

சுண்டுவிரல்: யார் விடுபட்டார்கள்? கடைசியில் நிற்பவர் யார்? இந்த நூல் அவர்களைப் பார்த்ததா?

இந்த ஐந்தையும் பிறரிடம் கேட்பது எளிது. நம்மிடம் கேட்பதுதான் கடினம். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஆய்வின் முதல் ஆண்டில் நான் ஒரு வட்டாரத்தின் நிலக்கொடைகளைப் பட்டியலிட்டேன். கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரிச் சுருக்கம் இருக்கும். ‘கோயிலுக்கு நிலக்கொடை’ என்று சுருக்கம் சொன்னால், கொடை என்று குறித்துக்கொண்டேன். பட்டியல் நீண்டது, பக்தி பெருகியது என்று ஓர் இயல் எழுதி முடித்தேன். பிறகு சில கல்வெட்டுகளின் முழுப் பாடம் கையில் கிடைத்தது. படிக்கப் படிக்க வியர்த்தது. சபையார் நிலத்தை விற்றிருக்கிறார்கள். பொன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர் பிறகு அதைக் கோயிலுக்கு விட்டிருக்கிறார். நான் பக்தி என்று எண்ணிய இடத்தில் ஒரு நிலச் சந்தை இருந்தது. சபைக்கு ஏன் பணம் தேவைப்பட்டது என்ற பெரிய கேள்வி இருந்தது. அந்த இயல் முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஆறு மாதம் போயிற்று. என் ஆய்வு வாழ்க்கையில் மிகச் சிறப்பாகச் செலவான ஆறு மாதம் அதுதான்.

இது சிறிய எடுத்துக்காட்டு. பெரிய எடுத்துக்காட்டும் இருக்கிறது. இலங்கைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்தில், இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பல்லாண்டுகள் அது மேற்கோள் நூலாக விளங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், இலங்கைத் தமிழரின் இன அடையாளம் உருவான வரலாற்றைப் பற்றி அவர் நூல் எழுதினார். இடையே வந்த தொல்லியல் சான்றுகளும் புதிய அணுகுமுறைகளும் காட்டிய வழியில் நடந்து, குடியேற்றம் என்ற சட்டகத்தில் தாம் முன்பு சொன்னவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். நினைத்துப் பாருங்கள். வரலாற்றின் ஒவ்வொரு சொல்லும் ஆயுதமாகிவிட்ட ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது, தம் பெயரில் இருந்த முடிவையே தாம் திருத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பிறர் நூலை விமரிசிப்பவர் மாணவர். தம் நூலை விமரிசிப்பவர் அறிஞர்.

இந்த அரங்கில் மாணவர் அல்லாத பெரியோர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காலையில் கைப்பேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் எத்தனை வரலாறு வருகிறது! இந்தக் கோயிலுக்கு இத்தனை ஆயிரம் ஆண்டு, அந்த அரசன் இத்தனை நாடு வென்றான், இன்ன மக்கள் வந்தேறிகள், இன்ன மக்கள்தான் மண்ணின் மைந்தர்கள். அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு முறை, ‘எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் எத்தனை பகை அங்கேயே நின்றுவிடும்? வகுப்பறையில் இந்தக் கேள்வியைக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் தம் தெருவுக்கு ஒரு விளக்கு. ஆதலால் இந்தத் தாளை மதிப்பெண்ணுக்காகப் படிக்காதீர்கள். இந்த நாட்டுக்காகப் படியுங்கள்.

முடிக்கும் முன் மறுபடி ஒருமுறை உத்திரமேரூர்ச் சுவருக்குப் போவோம். குடத்திலிருந்து ஓலை எடுப்பதை அந்தக் கல்வெட்டு எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்று பாருங்கள். எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? பிறகு அவன் அதை உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்த அதே ஓலையை அங்கிருந்த நம்பிமார் என்னும் பூசகர் எல்லோரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்கப்படும்.

வரலாற்றாளர் அந்தச் சிறுவனாக இருக்க முடியாது. நமக்குப் படிப்பு உண்டு, பற்று உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. எந்த ஓலை கையில் வர வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஆனால் அந்த மத்தியஸ்தனாக இருக்க முடியும். சான்றை விரித்த கையில் வாங்கலாம். உரக்க வாசிக்கலாம். நாம் வாசித்ததை அவையில் உள்ள ஒவ்வொருவரும் தாமே வாசித்துப் பார்க்கும்படி நீட்டலாம். அடிக்குறிப்பு என்பது அந்த நீட்டிய கைதான். ஆய்வுமுறை என்பது அந்த விரித்த விரல்கள்தான்.

அந்தக் குடத்தில் தம் பெயர் இடப்படாமல் போனவர்களுக்கும் சேர்த்து, இனி நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் ஐந்து விரலும் அகல விரித்து நீட்டுவோம்.